கம்பளி போர்த்திய ஐஸ் கட்டி

அந்தப் பள்ளியின் கிளார்க் இருபத்திரண்டு வருடப் பணிக்காலத்தில் எந்தப் பதிவேட்டிலும் ஓர் அடித்தலோ திருத்தலோ செய்ததில்லை. இதை அவரே சொல்லுவார். கேட்டால் சொல்லுவார், கேட்காவிட்டால் உடனே சொல்லுவார். பிள்ளையைச் சேர்க்க வந்தவர்கள், மின்விசிறி பழுது பார்க்க வந்தவர், முகவரி மாறி உள்ளே நுழைந்துவிட்டவர் என்று யாராக இருந்தாலும் இந்தத் தகவலைப் பெற்றுக்கொண்டுதான் வெளியேற முடியும். அவர் மேசையில் ஒரு ரப்பர் உண்டு. வேலையில் சேர்ந்த அன்று அலுவலகம் வழங்கியது. இன்றைக்கும் அதன் மூலைகள் எல்லாம் கூராகவே இருக்கின்றன.

அப்படிப்பட்டவர் ஓர் உண்மையை எழுதப்போய், பெற்ற மகளையே எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்கிய வரலாறு இது.

அந்தப் பள்ளியில் மூன்று வருடமாக ஒரு நல்ல காரியம் ஓசைப்படாமல் நடந்து வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு அறிவியல் டீச்சர் எட்டாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் நீள வராந்தாவில் ஒன்றாக உட்கார வைப்பார். ஒரு பெரிசு, ஒரு சிறுசு, நடுவில் ஒரு வாளியோ, காந்தமோ, உடைந்த கண்ணாடியோ இருக்கும். எது மிதக்கும், எது ஒட்டும், எது எரியும் என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பார்கள். சட்டை நனையும். சத்தம் தெருமுனைவரை கேட்கும். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் நடந்ததால் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

யாரோ ஒரு பிள்ளையின் மாமா அதைப் போட்டோ எடுத்துத் தொலைத்தார். போட்டோ கை மாறிக் கை மாறிக் கல்வி அலுவலகத்துத் திட்ட அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது. நல்லது எங்கே நடந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அந்த வருடம் அலுவலகங்களில் 'செய்து கற்றல்' என்பது மோஸ்தர். அதற்கு முந்தின வருடம் 'மௌனமாகக் கற்றல்' இருந்தது. அதற்கும் முந்தின வருடம் 'நின்றுகொண்டு கற்றல்'. அப்போது பெஞ்சுகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு மழையில் ஊறவிட்டார்கள், அவை இன்னும் காயவில்லை. போட்டோவைக் கண்ட இரண்டே வாரத்தில் 'கைகோத்துக் கற்போம், கண்டறிந்து வெல்வோம்' என்ற மாபெரும் திட்டம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளுக்கு அறிவிக்கப்பட்டது.

முதலில் வெள்ளைக் கோட்டுகள் வந்தன. விஞ்ஞானம் என்றால் கோட்டு வேண்டாமா? சிறுசுகளுக்கு ஏழு வயது, பெரிசுகளுக்குப் பதின்மூன்று. இரண்டு அளவு தைத்தால் பாகுபாடு ஆகிவிடும் என்று சராசரி எடுத்துப் பத்து வயது அளவில் எல்லாக் கோட்டையும் தைத்துவிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறார்கள், ஐந்தாம் வகுப்போ திட்டத்தில் இல்லை. ஆகையால் கோட்டு ஒரு பிள்ளைக்கும் பொருந்தவில்லை. சிறுசுகளுக்குத் தரையைக் கூட்டியது, பெரிசுகளுக்கு முழங்கையோடு நின்றது.

கோட்டுக்குப் பின்னால் படிவம் ஏழு வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிரப்பி அன்று மாலையே அனுப்ப வேண்டும். கலம் ஒன்று, கற்பிப்பவர். கலம் இரண்டு, கற்பவர். கலம் மூன்று, கற்பிக்கப்பட்ட கருத்து. பெயர் எழுதக் கூடாது, வருகை எண் போதும். ஒவ்வொரு தாளிலும் வரிசை எண் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததும் கிளார்க்குக்கு ஒரு நாளும் இல்லாத சந்தோஷம். வராந்தாவில் நடந்த அந்தக் கூத்துக்கு இப்போதுதான் ஒரு மரியாதை வந்திருக்கிறது என்று நினைத்தார். புதுப் பேனாவை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் அவரும் வராந்தாவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

அவருடைய மகள் எட்டாம் வகுப்பில் படித்தாள். உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் பள்ளி முழுக்க அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அவளுக்கு ஜோடியாக வாய்த்தவள் இரண்டாம் வகுப்புப் பட்டாணி. பட்டாணியின் அம்மா சந்தையில் மீன் விற்பவர். இந்த இரண்டு பேருக்கும் ஒரு நிமிடம் வாய் ஓயாது.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் செங்கல் அளவில் இரண்டு ஐஸ் கட்டி வரவழைத்திருந்தார். ஒன்றைத் தட்டில் வெறுமனே வைத்தார். இன்னொன்றைப் பழைய கம்பளியால் சுற்றி மூடினார்.

"எது முதல்ல கரையும்?"

"கம்பளியில இருக்குறதுதான் டீச்சர்! கம்பளி சூடாச்சே!" என்று எட்டாம் வகுப்பு ஒரே குரலில் கத்தியது. இரண்டாம் வகுப்பும் அண்ணன் அக்கா சொன்னதையே திருப்பிக் கத்தியது.

"இல்ல" என்றாள் பட்டாணி, கோட்டுக் கைக்குள்ளே தன் கையைத் தேடிக்கொண்டே. "அது கரையாதுக்கா. வெறும் ஐஸ்தான் முதல்ல போகும்."

"எப்படிடி?" என்றாள் ஒட்டடைக்குச்சி. "குளிருதுன்னாதானே நாம கம்பளி போத்துறோம்?"

"எங்கம்மா மீன் பெட்டியில ஐஸ் மேல சாக்கு போட்டுத்தான் மூடும். கம்பளிக்குச் சொந்தமா சூடு கெடையாதுக்கா. அது சும்மா காவக்காரன். வெளிய இருக்குற சூட்ட உள்ள விடாது. நாம போத்திக்கிட்டா நம்ம சூட்ட வெளிய விடாது. அவ்ளோதான்."

ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைப் பார்த்தார்கள். வெறும் ஐஸ் சோப்புக்கட்டி அளவுக்குச் சுருங்கித் தண்ணீரில் கிடந்தது. கம்பளியைப் பிரித்தால் உள்ளே செங்கல் செங்கலாகவே இருந்தது. ஒட்டடைக்குச்சி பட்டாணியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கிளார்க் மட்டும் படிவத்தோடு வந்து நின்றார்.

"யாரு யாருக்குச் சொல்லிக் குடுத்தது?"

"இவதான்பா எனக்கு" என்றாள் மகள்.

கிளார்க்கின் பேனா நின்றது. டீச்சர் அவர் காதருகே வந்து, "சார், வழக்கம்போல பெரியவ எண்ணக் கலம் ஒண்ணுல எழுதுங்க. யாரு பாக்கப் போறா?" என்றார்.

"நடக்காதத எழுதச் சொல்றீங்களா டீச்சர்? இருபத்திரண்டு வருஷமா நான்..."

"தெரியும் சார், தெரியும்" என்று டீச்சர் விலகிப் போய்விட்டார்.

கிளார்க் நடந்ததை நடந்தபடி எழுதினார். கற்பிப்பவர்: இரண்டாம் வகுப்பு, எண் பதினொன்று. கற்பவர்: எட்டாம் வகுப்பு, எண் நான்கு. எழுத்து முத்து முத்தாக விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் தூர வைத்துப் பார்த்து ரசித்துவிட்டு உறையில் போட்டு ஒட்டினார். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கூரை ஒழுகுகிறது என்று எழுதிய கடிதத்துக்கு ஆறு வருடமாகப் பதில் போடாத அலுவலகம் அது.

'பார்வையில் காணும் படிவம் கூர்ந்து பரிசீலிக்கப்பட்டது. திட்ட விதி இரண்டின்படி, கற்பிப்பவர் என்பவர் மூத்தவர், கற்பவர் என்பவர் இளையவர். மூத்தவர் எட்டாம் வகுப்பினர் என்றும், இளையவர் இரண்டாம் வகுப்பினர் என்றும் பொருள்கொள்ளப்படுவர். இத்திட்டத்தில் பங்கேற்கும் எவருக்கும் இது பொருந்தும். எனவே கற்பித்த மாணவி எட்டாம் வகுப்பினர் என்பதும், கற்ற மாணவி இரண்டாம் வகுப்பினர் என்பதும் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாகிறது. தங்கள் பள்ளியில் இவ்விருவரும் வகுப்பு மாறி உட்கார்ந்திருப்பது வருந்தத்தக்கது. காலதாமதமின்றிச் சரிசெய்து ஒப்புதல் அனுப்பவும்.'

தலைமையாசிரியை இதை மூன்று தடவை படித்தார். மூன்றாம் தடவை படித்தபோது அவருக்கே இதில் ஏதோ நியாயம் இருப்பதுபோலப் பட ஆரம்பித்துவிட்டது. பயம் வந்தால் அப்படித்தான்.

"என்ன சார் பண்ணலாம்?"

"உத்தரவு உத்தரவுதான் மேடம்" என்றார் கிளார்க். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

திங்கட்கிழமை ஒட்டடைக்குச்சி இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சுக்கு அடியில் முழங்கால் நுழையவில்லை. பக்கவாட்டில் காலை நீட்டினால் நடைபாதை அடைபட்டது. வகுப்பில் 'ஆடு, மாடு, கோழி' என்று எல்லோரும் கத்தும்போது அவளும் கத்த வேண்டியிருந்தது. பட்டாணி எட்டாம் வகுப்பில் இரண்டு பெரிய வரைபடப் புத்தகத்தின்மேல் ஏறி உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் வகுப்புக்குத் தூங்க அனுமதி உண்டு, எட்டாம் வகுப்புக்குக் கிடையாது. அவள் இயற்கணிதத்தின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள்.

வீட்டில் கிளார்க்குக்கு நடந்த வரவேற்பைச் சொல்லி முடியாது.

"ஏங்க, எட்டாவது படிக்கிற பொண்ண ரெண்டாவதுல தள்ளிட்டு வந்து, கூசாம சோறு கேக்குறீங்களா?" என்றாள் மனைவி. "ஊருல அப்பனுங்க புள்ளைங்களுக்கு டபுள் புரமோஷன் வாங்கிக் குடுக்குறாங்க. நீங்க வாங்கிக் குடுத்தது ஆறு வருஷம் ரிவர்சு!"

"உண்மையத்தானே எழுதினேன்?"

"உண்மைய எழுதுறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

இன்னும் மூன்று வாரத்தில் எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு. எட்டாம் வகுப்புப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் எழுத முடியாது. அதை மகள் அவரிடம் கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்த பூனைப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வரைந்திருந்த கோட்டைத் தாண்டாமல் ரொம்பப் பதவிசாகத் தீட்டினாள். அதைப் பார்த்துத்தான் கிளார்க் விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

மறுநாள் அதைக் கொடுத்துவிட்டுக் கல்வி அலுவலகத்துக்கு ஓடினார். திட்ட அதிகாரியின் அறையில் சுவர் முழுக்க வண்ண வரைபடங்கள். எல்லாக் கோடும் மேலே போய்க்கொண்டிருந்தது.

"சார், எம் பொண்ணு எட்டாவது."

"பதிவேட்டுல?"

"ரெண்டாவது. உங்க உத்தரவுப்படி."

"அப்ப ரெண்டாவதுதான்."

"வயசு பதிமூணு சார்."

"படிவம் ஏழுல வயசுக்குக் கலம் இல்லையே?"

"அந்தக் கத்துக் குடுத்த பொண்ணுக்கு இன்னும் முன்பல்லே முளைக்கல சார்!"

"பல்லுக்கும் கலம் இல்ல." அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை, கலம் இல்லாததைப் பார்க்க வராது, அவ்வளவுதான். "இவ்வளவு எதுக்குங்க? 'தப்பா எழுதிட்டேன்'னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அடிச்சுத் திருத்திடலாம்."

கிளார்க் தலையை ஆட்டி மறுத்தார். "தப்பு எழுதலையே சார். நடந்ததத்தான் எழுதினேன்."

"அதாங்க பிரச்சன. நடந்தத யாரு உங்கள எழுதச் சொன்னா? ஐந்நூத்துப் பன்னெண்டு பள்ளிக்கூடத்துல திட்டம் நடக்குது. எல்லா இடத்துலயும் பெரியவங்க சொல்லிக் குடுத்தாங்க, சின்னவங்க கத்துக்கிட்டாங்க. நூத்துக்கு நூறு. நெறைய எடத்துல ஐஸே வாங்கல. அங்கயும் நூத்துக்கு நூறு. உங்க பள்ளிக்கூடத்துல மட்டும் ஐஸ் வாங்கி, அதக் கரைய விட்டு, அதப் பாத்து வேற எழுதியிருக்கீங்க."

ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் மனுஷனுக்குக் கை வரவில்லை. மகளா, ரப்பரா என்று கேட்டால் மகள்தான் என்று யாரும் சொல்வோம். இருபத்திரண்டு வருடம் ஒரு ரப்பரைக் கூராகவே வைத்திருந்து பார்த்தால்தான் தெரியும். கடைசியில் அதிகாரியே மனமிரங்கி வேறு வழி சொன்னார். அவர் நேரில் வருவார், அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மேற்படி தற்போதைய இரண்டாம் வகுப்பு மாணவி கற்பிக்க, மேற்படி தற்போதைய எட்டாம் வகுப்பு மாணவி கற்க, அதை அவர் கண்ணால் கண்டால் உத்தரவு தானாகத் தலைகீழாகிவிடும்.

கிளார்க் முதல் நாளே பட்டாணியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அக்கா சொல்லும். நீ ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னாப் போதும்."

"தெரியாத மாதிரின்னா எப்படி சார் நிக்கணும்?"

"வாயத் தொறக்காம நில்லு கண்ணு" என்றார்.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டரைக்கு வந்தார். அதற்குள் தட்டில் இருந்த ஐஸ் முழுக்கக் கரைந்து, வராந்தாவில் ஓடி, வெயிலில் காய்ந்தும் போயிருந்தது. அதிகாரி வெறும் தட்டைக் கண்டு, "சோதனைப் பொருள் காணப்படவில்லை" என்று குறித்துக்கொண்டார். பிறகு கம்பளியைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே ஐஸ் பாதிக்குமேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்துச் சட்டென்று கையை எடுத்தார்.

"இது ஏன் கரையல? கம்பளி சூடாச்சே?"

அவர் கேட்டது ஒட்டடைக்குச்சியை அல்ல. பதிவேட்டின்படி எட்டாம் வகுப்பு மாணவி பட்டாணிதான். அவர் பதிவேட்டை நம்புகிறவர், பட்டாணியின் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். பட்டாணி உதட்டை இறுக்கி மடித்துக்கொண்டாள். கண் பிதுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம் தாக்குப்பிடித்தாள்.

"கம்பளிக்குச் சொந்தமா சூடு கெடையாது சார்!" என்று கொட்டிவிட்டாள். "அது சும்மா காவக்காரன். வெளிய இருக்குறத உள்ள விடாது, உள்ள இருக்குறத வெளிய விடாது!"

அதிகாரி கம்பளியைப் பார்த்தார், ஐஸைப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே! ஆமா பாத்தியா! எனக்கு இத்தன வயசுவரைக்கும் இது தெரியாதே!" என்று கைதட்டிச் சிரித்தார். அரை நிமிடத்துக்கு அவர் திட்ட அதிகாரியாகவே இல்லை, ரொம்ப நல்லவராக இருந்தார்.

எல்லாம் போச்சு என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். கிளார்க் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தார்.

"என்ன எழுதுறீங்க?" என்றார் அதிகாரி.

"படிவம் ஏழு சார். கற்பிப்பவர்: எண் பதினொன்று. கற்பவர்: திட்ட அதிகாரி. உங்களுக்கு வருகை எண் இல்லாததால பதவியப் போட்டிருக்கேன்."

"என்னய எதுக்குப் போடுறீங்க?"

"'பங்கேற்கும் எவருக்கும் இது பொருந்தும்'னு விதியில இருக்கு சார். நீங்க பங்கேத்தீங்க. தெரியாதுன்னீங்க. கத்துக்கிட்டீங்க."

அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. "கத்துக்கிட்டா?"

"இளையவர் சார். ஒன்பது நாள்ல உத்தரவு வந்துடும். ரெண்டாம் வகுப்புல எம் பொண்ணு பக்கத்துலயே எடம் இருக்கு. கோட்டும் இருக்கு. அளவு பொருந்தாது, ஆனா அது யாருக்குமே பொருந்தல."

"அதக் கிழிச்சுப் போடுங்க!"

"வரிசை எண் போட்ட தாள் சார். கிழிச்சா அதுக்குத் தனி விசாரணை."

கிளார்க் இதைக் குறும்புக்குச் சொன்னாரா, கடமைக்குச் சொன்னாரா என்று டீச்சருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதிகாரிக்குக் குப்பென்று வியர்த்தது. ஐஸ் மேலேயே கையை ஊன்றி யோசித்தார். யோசித்து யோசித்து, அவருடைய பணிக்காலத்திலேயே மிகச் சிறந்த முடிவுக்கு வந்தார்.

"எனக்கு இது முன்னாடியே தெரியும்."

"இப்பத்தானே சார் தெரியாதுன்னு..."

"குழந்தையச் சோதிச்சேன். முன்னாடியே தெரிஞ்சவன் எதையும் கத்துக்கலையே? கத்துக்காதவன் இளையவன் இல்ல. கலம் நாலு ஒண்ணு போடுங்க. 'முன்பே தெரியும்'. அதுல நான் கையெழுத்துப் போடுறேன். உங்க பொண்ணும் போடட்டும். அவளுக்கும் முன்னாடியே தெரியும்னா அவ யாருகிட்டயும் கத்துக்கல, இந்தக் குழந்தையும் யாருக்கும் கத்துக் குடுக்கல. எல்லாரும் அவங்கவங்க எடத்துக்குப் போயிடலாம். அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. போதுமா?"

அடித்தல் திருத்தல் இல்லை என்ற சொல்லில் கிளார்க் விழுந்துவிட்டார். மகள் அப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் ஒட்டடைக்குச்சி தன் பெஞ்சில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். பட்டாணி தன் வகுப்பில் நிம்மதியாகத் தூங்கினாள். கிளார்க் வீட்டில் அன்றைக்குச் சூடாகச் சோறு கிடைத்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அலுவலகத்துக்குக் கலம் நான்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. இனி எவரும் எதற்கும் யாருக்கும் கீழே இல்லை! பங்கேற்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கலம் நான்கில் பெற்றோர் கையெழுத்து வாங்கும்படி சுற்றறிக்கை வந்தது. முதலில் இந்தப் பள்ளியில் வாங்கச் சொன்னார்கள், கலம் நான்கு பிறந்த வீடல்லவா? அலுவலகத்தின் தாராள மனசுப்படி மற்ற வகுப்புகளையும் பங்கேற்றதாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

பெற்றோர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். 'என் பிள்ளைக்கு முன்பே தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட யாருக்குத்தான் கசக்கும்? "எவ்வளவு தெரியும்னு எழுத எடம் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் இன்னும் பள்ளியில் சேராத கைக்குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார். நூற்று எண்பத்தாறு பிள்ளைகளில் நூற்று எண்பத்தைந்து பேருக்குக் கையெழுத்து விழுந்தது.

மிச்சம் ஒன்று. பட்டாணியின் அம்மா சந்தையிலிருந்து மீன் கூடையோடு வந்து கவுண்டரில் நின்றார். கிளார்க் படித்துக் காட்டினார்.

"இவளுக்கு எல்லாம் தெரியுமா?" என்றார் அந்த அம்மா. "எல்லாம் தெரிஞ்சா நான் எதுக்குங்க தினம் காலையில இவள அடிச்சு எழுப்பி இங்க அனுப்புறேன்? கூட மீன் விக்கத்தான் கூட்டிட்டுப் போவேனே! தெரியாதுன்னுதானே அனுப்புறேன். கையெழுத்தெல்லாம் போட முடியாதுங்க."

கிளார்க் அந்தக் கலத்தை வெறுமையாக விட்டு அனுப்பினார்.

பதில் இந்த முறை ஏழே நாளில் வந்தது. 'நூற்று எண்பத்தைந்து மாணவர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதைப் பெற்றோரே எழுத்துமூலம் உறுதிசெய்துள்ளனர். இச்சாதனைக்குப் பாராட்டுகள். மேற்படியாரின் கல்வி இதன்மூலம் நிறைவுபெற்றதாகக் கருதப்படும். அவர்கள் தேர்வெழுத வேண்டியதில்லை, பள்ளிக்கு வர வேண்டியதில்லை. அனைவருக்கும் முதல் தரத் தேர்ச்சிச் சான்றிதழ் வழங்கப்படும். பள்ளியின் மாணவர் எண்ணிக்கை இனி ஒன்று. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவரும் இல்லாததால் அறிவியல் ஆசிரியைப் பணியிடம் தேவையற்றதாகிறது.'

ஊரே கொண்டாடியது. சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடையில் வரிசை நின்றது. திங்கட்கிழமை காலை மணி அடித்தபோது பெரிய மைதானத்தில் பட்டாணி ஒருத்தியே வரிசையாக நின்றாள். டீச்சர் வாளிகளையும் காந்தங்களையும் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

கிளார்க்கின் கவுண்டருக்கு வெளியே ஒட்டடைக்குச்சி வந்து நின்றாள். யூனிபாரத்தில் இருந்தாள். கையில் முதல் தரச் சான்றிதழ்.

"அப்பா, ஒரு படிவம் குடுங்க."

"என்ன படிவம்மா?"

"எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுக்குறதுக்கு."

கிளார்க் அலமாரியைத் திறந்தார். நூற்றுப் பதினெட்டு வகைப் படிவம் இருந்தது. எல்லாவற்றையும் புரட்டினார். "அப்படி ஒரு படிவம் இல்லம்மா" என்றார்.

"அன்னிக்கு நீங்க தலையாட்டினீங்கன்னுதான் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரியவே தெரியாதுப்பா. பட்டாணி சொல்லித்தான் தெரியும். இன்னும் எவ்வளவோ தெரியாது." சான்றிதழைக் கவுண்டரில் வைத்தாள். "இப்பவே எல்லாம் முடிஞ்சுபோச்சா?"

கிளார்க் எழுந்தார். கையெழுத்து வாங்கிய கலம் நான்குப் பதிவேட்டின் பள்ளிப் பிரதியை எடுத்து மேசைமேல் விரித்தார். ரப்பரை எடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அது கல்லாகி இருந்தது, தேய்த்தால் தாள்தான் கிழியும் போலிருந்தது. அதைத் தூர வைத்தார். பேனாவை எடுத்து மகளுடைய எண்ணுக்கு எதிரே 'முன்பே தெரியும்' என்று இருந்ததைக் குறுக்கே அடித்தார். அடித்துப் பழக்கமில்லாததால் கோடு பாம்பாகப் போயிற்று. மேலே 'தெரியாது' என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். ரொம்ப அசிங்கமாக இருந்தது. அவருக்கு அழுகையும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி வந்துவிட்டதால் அறிவியல் டீச்சர் பெட்டியைப் பிரித்து வாளிகளை மறுபடி வெளியே எடுத்தார்.

அன்றே கிளார்க் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். 'தங்கள் பிள்ளைக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுக்கும் பெற்றோரின் பிள்ளைகள் உடனடியாகச் சேர்த்துக்கொள்ளப்படுவர்.' கவுண்டரைச் சாயங்காலம் வரை திறந்து வைத்திருந்தார். பெற்றோர்கள் வராமல் இல்லை. நிறையப் பேர் வந்தார்கள். யாருடைய பிள்ளை பெயருக்கு எதிரே 'தெரியாது' என்று எழுதியிருக்கிறது என்று பதிவேட்டை எட்டிப் பார்த்தார்கள். கிளார்க்கின் மகள் என்று தெரிந்ததும், "அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டிவிட்டு, தங்கள் பிள்ளையின் பெயருக்கு எதிரே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நீள வராந்தாவில் இரண்டே பேர். டீச்சர் மூன்று ஐஸ் கட்டி வைத்தார். ஒன்றை வெறுமனே வைத்தார், ஒன்றைக் கம்பளியில் சுற்றினார், ஒன்றைப் பழைய படிவங்களில் சுற்றினார்.

"எது கடைசியாக் கரையும்?"

"தெரியாதே!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். அந்தச் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மதில்மேல் ஒரு தலை முளைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு மதில் முழுக்கத் தலைகள். முதல் தரச் சான்றிதழ் வாங்கிய அத்தனை பேரும் செங்கல்மேல் செங்கல் அடுக்கி ஏறி, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"உள்ளதான் வாங்களேன்டா" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர்" என்றான் ஒருவன். "எங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே!"

கிளார்க் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெயில் வராந்தாவைத் தாண்டிப் போயிற்று. ஐஸ் கரைந்து முடியும்வரை ஒரு தலையும் மதிலை விட்டு இறங்கவில்லை.